முன்னுரைக்கு நன்றி சொன்ன மெஷின்

கல்யாண லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை காலை. ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கைப்பையை இன்னும் மேஜைமேல் வைக்கக்கூட இல்லை. புது மஞ்சள் கயிறு கழுத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. பிரின்டர் அறையிலிருந்து வரதராஜன் சார் கத்துகிற சத்தம் கேட்டது.

"யாரு இது? யாரு இந்த வேலையைப் பண்ணது?"

வரதராஜன் சார் எங்கள் பிரிவில் மூத்தவர். பம்புகள் ஓடும்போது ஏற்படுகிற அதிர்வைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் கீச்சென்று ஆகிவிடும். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்போம். அன்றைக்கு அவர் கையில் மடிப்பு மடிப்பாக நீளத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீயே படி. கல்யாணப் பொண்ணு, நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கே, படிச்சுப் பாரு."

படித்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முன்னுரை அவர்கள் செய்த பேருதவிக்கு ஆசிரியர்கள் தங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறார்கள்."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "பம்புகளின் அதிர்வு அவர்கள் செய்த பேருதவிக்கு" நன்றி. அதற்கும் அடுத்து, "பிழைகளும் அவற்றின் காரணங்களும் அவர்கள் செய்த பேருதவிக்கு" நன்றி. தலைப்பு வரவேண்டிய இடத்திலெல்லாம் மெஷின் கைகூப்பி நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரி, சிரி. மத்தியானம் டெல்லியிலிருந்து கமிட்டி வருது. அவங்க கையில இதைத்தான் கொடுக்கப்போறேன்" என்றார் சார்.

அந்த நன்றி வாக்கியம் என்னுடையது. நான் எழுதி வைத்தது. ஆனால் அங்கே கொண்டுபோய் வைத்தது நான் இல்லை.

என் மேஜைமேல் அன்றைக்கு இன்னொரு காகிதமும் இருந்தது. பிரிவுத் தலைவர் சுந்தரேசன் சார் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த விண்ணப்பம். எம். வசந்தாவாகிய நான் இனிமேல் கே. வசந்தா என்று அழைக்கப்பட விரும்புகிறேனாம். அப்பா முனுசாமியின் எழுத்து போய், வீட்டுக்காரர் கோதண்டபாணியின் எழுத்து வரவேண்டும். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போட எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கையெழுத்தைப் பற்றியது. வரதராஜன் சாரின் கத்தல் நடுவில் வந்து எனக்குக் கைகொடுத்தது.

வாடகை சைக்கிள்

போன வாரம் கணிப்பொறி அறையின் குளிரைப் பற்றி எழுதினேன் இல்லையா? என் சின்னக்கா போன் போட்டு, "எங்களுக்குப் புரியற மாதிரி எழுத மாட்டியா, உன் மெஷினைக் கட்டிக்கினு நீயே அழு" என்றாள். அவளுக்காகவே மேக்ரோ என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நைனாவின் கடையிலிருந்து தொடங்கினால் அவளுக்குப் புரிந்துவிடும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்குள் கால் வைத்தாலே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறும். பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கே போய்த்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், உண்மை அதுதான்.

வாடகை சைக்கிள் ஒன்றுதான். காலையில் பால்காரர் ஏறுவார், பகலில் கோர்ட்டு குமாஸ்தா ஏறுவார், சாயங்காலம் சினிமாவுக்குப் போகிறவர்கள் இரண்டு பேராக ஏறுவார்கள். வண்டி மாறாது, ஏறுகிற ஆள்தான் மாறுவார். மேக்ரோவும் அதுதான்.

எங்கள் ஆராய்ச்சி நிலையம் கடலோரத்தில் இருந்தது. விஞ்ஞானிகள் கையால் எழுதிக் கொடுக்கிற அறிக்கைகளைக் கணிப்பொறியில் அடித்து, ஒழுங்குபடுத்தி, அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. அதற்கென்று ஒரு புரோகிராம் இருந்தது. வார்த்தைகளை அடித்துக்கொண்டே போகலாம். நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கட்டளை கொடுத்தால், வரியைப் பக்கத்தின் நடுவில் வைக்கும், அடிக்கோடு போடும், பக்க எண் போடும். அடிக்கடி வருகிற வேலைக்கு நாமே புதிதாக ஒரு கட்டளை செய்து அதற்குப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்வதுதான் மேக்ரோ.

எல்லா அறிக்கையின் கடைசியிலும் யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும். அதே வாக்கியத்தை அடித்து அடித்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால் அந்த வாக்கியத்தை ஒரேயொரு தடவை எழுதி, பெயர் வருகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு மேக்ரோவாக்கினேன். அப்புறம் மேக்ரோவின் பெயரை அடித்து, பக்கத்தில் டாக்டர் இன்னார் என்று போட்டால் போதும். இன்னார் வண்டியில் ஏறிக்கொள்வார், முழு வாக்கியமும் அச்சாகிவிடும்.

ஒரே ஒரு வித்தியாசம். நைனா யாருக்கும் சும்மா வண்டி கொடுக்க மாட்டார். "எந்த ஊரு? யார் வூட்டுப் புள்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டைத் திறப்பார். மெஷின் ஒன்றும் கேட்காது. முன்னுரை வந்து ஏறினாலும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

எழுத்தும் நம்பரும்

பிரிவில் எல்லாருடைய மேக்ரோக்களையும் ஒரே பொதுத் தொகுப்பில் சேர்த்து வைத்திருந்தோம். எந்த அறிக்கையை அச்சிட்டாலும் மெஷின் முதலில் அந்தத் தொகுப்பை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு மேக்ரோ இருந்தால், கடைசியாகப் படித்ததை வைத்துக்கொண்டு முந்தையதை மறந்துவிடும். நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. தெரியாத பெயர் வந்தாலும் அப்படித்தான், வாயைத் திறக்காமல் தாண்டிப் போய்விடும்.

ஆரம்பத்தில் இதனால் ஒரே பேஜாராக இருந்தது. ஆளாளுக்குத் 'தலைப்பு' என்று ஒரு மேக்ரோ செய்து வைப்பார்கள். ஒருத்தருக்குத் தலைப்பு நடுவில் வரவேண்டும், இன்னொருத்தருக்கு ஓரத்தில் வரவேண்டும். யார் கடைசியாகச் சேர்த்தாரோ அவர் பாடு கொண்டாட்டம். டீ நேரத்தில் பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லாம் குழாயடி மாதிரி சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இந்தச் சண்டையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். நைனா கடைக்கு எதிரில் பாபு என்பவரும் சைக்கிள் கடை வைத்திருந்தார். இரண்டு கடையிலும் மட்கார்டில் வெறும் நம்பர்தான் எழுதியிருக்கும். இங்கே எடுத்த நாலாம் நம்பரை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். நைனா இந்தப் பக்கம் நின்று, "அண்ணாத்த, அது என் வண்டி" என்பார். பாபு அந்தப் பக்கம் நின்று, "பெல்லு என்துப்பா" என்பார். தெருவே வேடிக்கை பார்க்கும். கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கினார்கள். இவர் வண்டியில் 'மு' என்று எழுதி நம்பர் போட்டார், அவர் 'பா' என்று எழுதி நம்பர் போட்டார். அத்தோடு சண்டை தீர்ந்தது.

அதையே நான் ஆபீசில் சொன்னேன். ஒவ்வொருவரும் தங்கள் மேக்ரோவுக்கு இனிஷியலோடு சேர்த்துப் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு நம்பர் வைக்க வேண்டும். நான் எம்.வி. என் நன்றி வாக்கியம் எம்.வி. ஒன்று. வரதராஜன் சாரின் அப்பா பெயர் கிருஷ்ணன், ஆகவே அவர் கே.வி. அவருடைய தலைப்பு கே.வி. ஒன்று. சுந்தரேசன் சாருக்கு ஒழுங்கு என்றால் உயிர். என் யோசனையைக் கேட்டு மேஜையைத் தட்டினார்.

"அப்பன் பேரும் வருது, ஆள் பேரும் வருது. முட்டவே முட்டாது" என்றார்.

உண்மையிலேயே முட்டவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நைனாவின் சைக்கிள்களுக்குக் கல்யாணம் ஆகாது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிளுக்கு மட்டும்

நைனாவுக்கு நாங்கள் மூன்று பேரும் பெண்கள். பெரியக்கா கல்யாணம் ஆனதும் எஸ். ஆனாள். சின்னக்கா ஜி. ஆனாள். பத்திரிகை அடித்தால், மொய் எழுதினால், கையெழுத்துப் போட்டால் எல்லாம் புது எழுத்துதான். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நானும் நினைத்ததில்லை.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடைக்குப் போனேன். நைனா குந்தி உட்கார்ந்து, மட்கார்டுகளில் மங்கிப்போயிருந்த எழுத்துகளுக்குப் புதுசாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு 'மு' போட்டார். பிரஷ்ஷை டப்பாவில் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே என் எழுத்து சைக்கிளுக்கு மட்டும்தான் கீது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த 'மு'வைப் போடப்போன கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பெயின்ட் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. காற்றடிக்கிற பம்பை எடுத்து ஓரத்தில் வைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், எழுத்தை மாற்றுவதில்லை என்று. முடிவு பண்ணுவது சுலபம். சிங்கப்பெருமாள் கோயிலில் மாமியார் வீட்டுக்குப் போன மறுநாளே அத்தை ஆரம்பித்துவிட்டார். அத்தையின் பெயர் லோகம்மாள். சுற்றி வளைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"கல்யாணம் ஆயி வந்துட்டே. இன்னும் இன்னாத்துக்கு அப்பன் எழுத்த வச்சிகினு கீறே? நாலு பேரு என் புள்ளய இன்னா நெனப்பாங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவருக்கு. நல்ல மனுஷர், ஆனால் பஞ்சாயத்து என்று வந்தால் கவுன்டரை மூடிவிடுவார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு மாத்தணும்?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா மாத்தினா இன்னா?" என்றார் அத்தை.

அத்தையிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

கல்யாணப் பரிசு

திங்கட்கிழமைக்கு வருகிறேன். வரதராஜன் சார் தாளை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பொதுத் தொகுப்பைத் திறந்து பார்க்கிறேன். என் எம்.வி. ஒன்றைக்கூடக் காணோம். எல்லாம் கே.வி. ஆகியிருந்தது. 'கே.வி. ஒன்று' என்ற ஒரே பெயர் தொகுப்பில் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. மேலே இருந்தது வரதராஜன் சாரின் தலைப்பு. கீழே இருந்தது என் நன்றி. மெஷின் கடைசியாகப் படித்ததை நம்பியிருக்கிறது.

அப்போது சுந்தரேசன் சார் உள்ளே வந்தார். முகமெல்லாம் பல்.

"என்னம்மா வசந்தா, என் கல்யாணப் பரிசு எப்படி?"

எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"நீ லீவுல இருக்கும்போது நானே உட்கார்ந்து மாத்தினேன். ரெக்கார்டுல கே.வி., மேக்ரோவுல எம்.வி.ன்னு இருந்தா நல்லா இருக்குமா? எம்.வி. இருக்கற இடமெல்லாம் கே.வி. போடுன்னு ஒரே ஒரு கட்டளைதான். ஒரு நிமிஷத்துல முடிஞ்சது!"

வரதராஜன் சாரின் குரல் இந்தத் தடவை கீச்சென்று கூட வரவில்லை. "சார், நான் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க வரதராஜன்."

"என் இனிஷியல்?"

"கே..." என்று ஆரம்பித்த சுந்தரேசன் சார் குனிந்து தொகுப்பைப் பார்த்தார். பாவம், நல்லது செய்யத்தான் நினைத்தார். அவரைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

இன்னொரு கூத்தையும் அப்போதுதான் கவனித்தோம். வரதராஜன் சார் தன் அறிக்கையின் கடைசியில் பட்டறையில் உதவி செய்தவர்களுக்கு உண்மையாகவே நன்றி சொல்லியிருந்தார். அதற்கு என் எம்.வி. ஒன்றைத்தான் கூப்பிட்டிருந்தார். எம்.வி. என்ற பெயரே இப்போது தொகுப்பில் இல்லாததால், மெஷின் அந்த இடத்தைப் பேசாமல் தாண்டிவிட்டது. முன்னுரைக்கு நன்றி உண்டு, பிழைகளுக்கு நன்றி உண்டு, வேலை செய்த ஆட்களுக்கு மட்டும் நன்றி கிடையாது.

மாமல்லபுரம் போன கமிட்டி

நேரத்துக்கு என்ன செய்வது? அச்சடிக்கிற வேகம் இப்போதைய ஆட்களுக்குப் புரியாது. மெஷின் ஒவ்வொரு வரியாகத் தட்டித் தட்டி அடிக்கும். பெரிய அறிக்கை. சரி செய்து, திரும்ப அச்சடித்து, கட்டுப்போட்டுக் கொடுக்கப் பகல் முழுக்க வேண்டும்.

சுந்தரேசன் சார் டிரைவர் கன்னியப்பனைக் கூப்பிட்டார். கன்னியப்பன் பக்கத்துக் குப்பத்துக்காரர். அவர் அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போவார்கள், இவர் மட்டும் ஜீப் ஓட்ட வந்துவிட்டார்.

"கமிட்டிக்காரங்களை முதல்ல மாமல்லபுரம் கூட்டிட்டுப் போயிடு. எல்லாத்தையும் நல்லா காட்டு. மெதுவா ஓட்டு."

"எத்தினி மெதுவா சார்?"

"சாயங்காலம் வரைக்கும் மெதுவா."

"அத்த முன்னாடியே சொல்றது. என் மச்சான் வூட்ல மீன் கொழம்பு வெக்கச் சொல்லட்டா? அத்த துன்னா அவங்களே எழுந்திருக்க மாட்டாங்க" என்றார் கன்னியப்பன். சொன்னபடியே செய்தும் காட்டினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் டெர்மினல் முன்னால் உட்கார்ந்தேன். சுந்தரேசன் சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? அதே மாதிரி ஒரு கட்டளை போடு. கே.வி. இருக்கற இடமெல்லாம் எம்.வி. ஆகட்டும்."

"வேணாம் சார்!" என்று அறை முழுக்கக் கத்தினோம். வரதராஜன் சார் தாவி வந்து கீபோர்டின் மேலேயே கையை வைத்துவிட்டார். அப்படிச் செய்தால் அவரும் எம்.வி. ஆகிவிடுவார் அல்லவா?

ஒவ்வொன்றாகக் கையால்தான் மாற்றினேன். இது என்னுடையது, இது அவருடையது என்று பார்த்துப் பார்த்து. கே-யை அழித்து எம் போட்டேன். அடுத்ததில் கே-யை அழித்து எம் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பில் காற்று இரைந்துகொண்டிருந்தது. என் விரலில் இன்னும் மஞ்சள் போகவில்லை, கீபோர்டில் எம் எழுத்தின் மேல் லேசாக மஞ்சள் ஒட்டிக்கொண்டது. குந்தி உட்கார்ந்து வெள்ளை அடித்த நைனாவை நினைத்துக்கொண்டேன். அந்த வேலையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

கமிட்டிக்காரர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வயிறு நிறைய மீன் குழம்பு, ஆளுக்கொரு கல் பிள்ளையார், கண்ணெல்லாம் தூக்கம். வரதராஜன் சார் அறிக்கையைக் கொடுத்தார். முன்னுரை முன்னுரையாக இருந்தது. பட்டறைக்காரர்களுக்கு நன்றி கடைசியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கமிட்டியில் மூத்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரமாதமான அச்சு என்றார்.

எல்லாரும் போனபிறகு சுந்தரேசன் சார் என் மேஜைக்கு வந்தார். விண்ணப்பம் அங்கேயேதான் கிடந்தது.

"மேக்ரோவுல நீ எம்.வி.யாவே இரு. இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடு."

"ரெக்கார்டுல கே.வி., மேக்ரோவுல எம்.வி.ன்னா நல்லா இருக்குமா சார்?" என்றேன்.

அவர் சொன்னதையே சொன்னேன், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். அவர் தலையைச் சொறிந்தார். இரண்டு பக்கமும் ஒழுங்கு இழுத்தது.

"வீட்டுல கேட்டுட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. வீட்டுல சரின்னா எனக்கும் சரி" என்றார்.

லோகம்மாள்

வீட்டில்தானே சிக்கலே! அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் நான் போனபோது அத்தை கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பூனை ஒன்று மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். முன்னுரைக்கு நன்றி என்றதும் அவர் ஈர முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"அப்ப, ஒரே எழுத்துல ரெண்டு பேரு இருந்தா மொதல்ல இருந்தவங்கள மெஷினு மறந்துடுமா?"

"மறந்துடும் அத்தே."

"சொல்லாம கொள்ளாமயா?"

"ஆமா அத்தே. ஒரு சத்தம் வராது."

அத்தை மீன் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுத்த வெடிக்குத் தயாராக இருந்தேன்.

"எங்க நைனா பேரு ஏகாம்பரம்" என்றார் திடீரென்று.

கிணற்றடியில் துண்டை எடுத்த கை நின்றது. "தாத்தா பேரு ஏகாம்பரமா?" என்றார் என் வீட்டுக்காரர். "அச்சரப்பாக்கத்துத் தாத்தாதானே? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"நீ எங்க கேட்டே?" என்றார் அத்தை.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வூட்டுக்கு வந்த நாளா ஒருத்தரும் கேக்கல, உங்கப்பன் பேரு இன்னான்னு. நானும் சொல்லல. நெல்லு வண்டி ஓட்டிகினு இருந்தாரு. என்னிய வண்டி முன்னாடி குந்த வச்சிகினு மதுராந்தகம் வரிக்கும் கூட்டிகினு போவாரு. இப்ப நீ அந்த மெஷினு கதய சொல்லிகினு இருக்கசொல்லதான் நெனச்சி பாத்தேன். அவரு பேர நான் வாயால சொல்லி எத்தினி காலம் ஆச்சுன்னு தெரியல."

அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விரலெல்லாம் மீன். பூனை ஒரு அடி முன்னால் வந்தது, அதைக்கூட அவர் விரட்டவில்லை.

"நீ உங்கப்பன் எழுத்தயே வச்சிக்க. நாலு பேரு கேட்டா என்கிட்ட அனுப்பு, நான் சொல்லிக்கறேன்."

அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உடனே கையை உதறிவிட்டு, "மீன ஒழுங்கா ஆயி, கொடல வுட்டுட்டே பாரு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, மீனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மே, எங்க நைனா எழுத்தும் என் எழுத்தும் சேத்து அந்த மெஷினுல போட்டா, யாரு கூடவாவது முட்டுமா?"

மறுநாள் முதல் வேலையாகத் தொகுப்பைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஏகாம்பரத்துக்கு ஈ, லோகம்மாளுக்கு எல். ஈ.எல். என்று ஒருத்தரும் இல்லை. நன்றி சொல்கிற மேக்ரோவை எம்.வி. வரிசையிலிருந்து எடுத்து ஈ.எல். ஒன்று என்று பெயர் வைத்தேன். இந்தத் தடவை எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"யாரும்மா இந்த ஈ.எல்.? புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று கேட்டார் வரதராஜன் சார்.

"ஆமா சார். ரொம்பக் கறாரான ஆள்" என்றேன்.

விண்ணப்பத்தை சுந்தரேசன் சாரிடம் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நான்காகக் கிழித்து ஒழுங்காகக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். அவர் ஒரு சக்கரத்தைத் தலைகீழாகப் போட்டுச் சுற்றவிட்டு, கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப 'மு' கீதா?" என்றார்.

"கீது நைனா."

சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார். கோட்டமே இல்லை, சும்மாதான் சுற்றினார். "போ, உங்கம்மா நாஸ்தா வச்சிகினு கீது" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் தெருமுனை திரும்பும்போது, எதிர்க்கடை பாபுவைக் கூப்பிட்டு அவர் ஏதோ உரக்கச் சொல்வது காதில் விழுந்தது.

அத்தைக்கு மட்டும் ஒரு குறை. ஈ.எல். என்ற எழுத்து அச்சான தாளில் தெரியாது, அது கூப்பிடுகிற வாக்கியம்தான் தெரியும் என்று நான் சொன்னதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "தெரியாதுன்னா அப்பறம் இன்னாத்துக்கு அது?" என்று இரண்டு நாள் கேட்டார். "அதைக் கூப்பிட்டாத்தான் அத்தே நன்றியே வரும். கூப்பிடலைன்னா அந்த இடம் காலி" என்றேன். அதற்குப்பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டார். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"இன்னாம்மே, இன்னிக்கு எங்க நைனாவ எத்தினி தபா கூப்ட்டே?"

சில நாள் ஒரு அறிக்கைகூட அச்சாகியிருக்காது. மெஷினே படுத்துக் கிடந்திருக்கும்.

"நெறைய தபா, அத்தே."

"கூப்ட்டா வந்தாரா?"

"ஒவ்வொரு தபாவும் வந்தாரு, அத்தே."